பச்சை ஷூ மணப்பெண்

பதினோராவது குடும்பத்துக்கும் பெர்ரின் படம் எடுத்துக் கொடுத்து முடித்தபோது செர்மெத்தின் பொறுமை தீர்ந்துபோனது.

"நாம எதுக்கு இந்த ஊருக்கு வந்தோம்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்குண்ணே. ஒருத்தரைத் தேடி வந்தோம். அந்த ஒருத்தரைத் தவிர ஊர்ல இருக்கிற எல்லாரும் கிடைச்சுட்டாங்க."

எடிர்னே நகரின் செலிமியே பள்ளிவாசல் முற்றத்தில் ஜூன் மாத வெயில் பளிங்குத் தரையில் பட்டு முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. சுற்றுலாப் பேருந்துகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லோரும் தலையை அண்ணாந்து மினார்களைப் பார்த்தார்கள், போனை உயர்த்தினார்கள், பிறகு சுற்றிலும் பார்த்து, இருப்பவர்களில் சாதுவாகத் தெரிந்த பெர்ரினிடம் போனை நீட்டினார்கள். சாது என்று அவளை நினைத்தவர்கள் அவள் பேசிக் கேட்டதில்லை.

செர்மெத் நிழலில் ஒரு படியில் உட்கார்ந்து வலது முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் போலீஸ் வேலை. அதில் மிச்சமானது இந்த முழங்கால்தான். வேலையை விட்ட பிறகு இஸ்தான்புல்லில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான்கு வருடமாக பெர்ரின் உதவியாளர். கீழ்மாடியில் பல் பிடுங்கும்போது கேட்கும் அலறலையெல்லாம் "நம்ம கட்சிக்காரரா இருக்கும்ணே" என்று சொல்லிச் சிரிப்பவள்.

இந்த வழக்கு நேற்று மாலைதான் வந்தது. வந்தவன் பெயர் தைஃபுன். முப்பத்தைந்து வயதுக் கட்டடப் பொறியாளர். சலவை செய்த சட்டை, சவரம் செய்யாத முகம். பெற்றோர் இல்லாத தன்னை வளர்த்து ஆளாக்கிய பெரியப்பாவைக் காணோம் என்றான்.

பெரியப்பா நெஜ்மிக்கு எழுபத்தொரு வயது. நாற்பது வருடம் கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் இஸ்தான்புல்லில் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பு பட்டப்பகலில் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு முதல் வரைபடம் வரைந்தவர் நெஜ்மி. நாளை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். அந்த மனிதர்தான் போன வாரம், "எடிர்னே போய் ஊர் சுற்றிப் பார்க்கப்போகிறேன்" என்று கிளம்பினார்; திரும்பவில்லை. போனை எடுப்பதில்லை. ஆனால் செவ்வாய் முதல் சனி வரை நாளுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார், தைஃபுனுக்கும் இறந்தவர்கள் தரப்பு வழக்கறிஞருக்கும். கடைசிப் படத்தோடு ஒரு வரி: "எனக்குக் களைப்பாக இருக்கிறது. என்னைத் தேட வேண்டாம்."

ஐந்து படங்கள். செலிமியே முற்றம். பழைய பள்ளிவாசல். மூன்று மாடப் பள்ளிவாசலின் முறுக்கு மினார். மெரிச் ஆற்றுப் பாலம். பயேசித் சுல்தானின் பழைய வைத்தியசாலை.

"அதிகாலையிலேருந்து அஞ்சு இடமும் பார்த்தாச்சு," என்றார் செர்மெத். "காவலாளி பார்க்கலை. செருப்பு வைக்கிற ஆள் பார்க்கலை. சிமித் ரொட்டி விக்கிறவன், எனக்கு அஞ்சு சிமித் வித்துட்டு, பார்க்கலைங்கிறான். ஓட்டல்ல அந்தப் பேர்ல ஆள் கிடையாது. எழுபத்தொரு வயசு ஆளு ஒரு வாரம் ஒரு ஊரைச் சுத்தினா, ஒருத்தன்கிட்டயாவது வழி கேட்டிருக்க மாட்டாரா? ஒரு டீக்கடையிலயாவது உட்கார்ந்திருக்க மாட்டாரா?"

"ஈரல் கடையில கேட்கலையேண்ணே."

"ஈரல் கடையில உனக்குப் பசி. அது விசாரணை இல்லை."

"பசியோட விசாரிச்சா உண்மை சீக்கிரம் வரும்."

செர்மெத்துக்குப் பசியைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. தேடும்போது வழக்கமாக ஏதாவது ஒரு நூல் கையில் சிக்கும். இழுத்தால் அறுந்துபோகும், ஆனால் சிக்கும். இங்கே சிக்கவே இல்லை. தைஃபுன் மாலை நான்கு மணிக்கு திறந்தவெளி டீக்கடையில் சந்திக்க வருவான். அவன் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. "நேர்ல பார்க்க முடியலைன்னாலும் பரவாயில்லை சார். அவர் இங்கே தன் இஷ்டத்துக்குத்தான் சுத்திக்கிட்டு இருக்கார்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். கோர்ட்டுல கேட்பாங்க."

அந்த ஒரு வரியைக்கூட எழுத முடியவில்லை.

செர்மெத் போனில் முதல் படத்தைத் திறந்து, அது எடுக்கப்பட்ட இடத்தில் போய் நின்றார். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் பளிங்கு ஊற்று, பின்னால் வளைவுகள், மேலே ஒரு மினார். அவர் தன் போனை உயர்த்தி அதே படத்தை எடுத்துப் பார்த்தார். இரண்டையும் அருகருகே வைத்தார்.

"பெர்ரின், இங்க வா. எது நல்லா இருக்கு?"

"உங்க படத்துல உங்க விரல் இருக்கு. அவர் படத்துல மினார் சாஞ்சிருக்கு. ரெண்டுக்கும் பரிசு கிடையாது."

"சாஞ்சிருக்கா?"

"இடது பக்கமா. குடிச்சுட்டு நிக்கிற மாதிரி."

செர்மெத் அடுத்த படத்தைத் திறந்தார். பழைய பள்ளிவாசலின் சுவர் சாய்ந்திருந்தது. முறுக்கு மினார் சாய்ந்திருந்தது, போதாததற்கு உச்சி வெட்டுப்பட்டிருந்தது. பாலம் ஆற்றுக்குள் சரிந்துகொண்டிருந்தது.

"நாப்பது வருஷம் அளவுகோல் வெச்சுக் கோடு போட்ட மனுஷன்," என்றார் மெதுவாக. "வீட்டுச் சுவர்ல காலண்டர் அரை விரல் சாஞ்சிருந்தா நேர் பண்ணாமச் சாப்பிட உட்கார மாட்டார்னு தைஃபுனே சொன்னான். அவர் எடுத்த படத்துல ஒண்ணுகூட நேரா நிக்கலையே."

"வயசாயிடுச்சு. கை நடுங்கும்."

"கை நடுங்கினா படம் கலங்கும். சாயாது. இதை எடுத்தவன் அவசரத்துல எடுத்திருக்கான். கட்டடத்தைப் பார்த்தே எடுக்கலை."

பெர்ரின் இப்போது சிரிக்கவில்லை. போனை அவர் கையிலிருந்து வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மூலை மூலையாகத் தேடினாள். அடுத்த படம். அதற்கடுத்த படம். பிறகு முதல் படத்துக்கே திரும்பினாள்.

"அண்ணே. ஒரு பொண்ணுக்கு ஒரே வாரத்துல எத்தனை தடவை கல்யாணம் நடக்கும்?"

"என்ன உளர்றே?"

"பாருங்க. செவ்வாய்க்கிழமைப் படம். ஊற்றுக்குப் பின்னாடி, தூண் ஓரத்துல, வெள்ளைத் துணி. கல்யாணக் கவுன். கீழே பாருங்க, கால்ல என்ன?"

கவுனின் ஓரம் தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. அடியில் பளீரென்று பச்சை நிறக் கேன்வாஸ் ஷூ.

"இப்ப வியாழக்கிழமைப் படம். மினாருக்குக் கீழே, வாசப்படியில. அதே கவுன், அதே பச்சை ஷூ. வெள்ளிக்கிழமை, பாலம். தூரத்துல ஒரு புள்ளிதான், ஆனா வெள்ளைப் புள்ளிக்குக் கீழே பச்சைப் புள்ளி. மாப்பிள்ளை மூணு பேர்னா எனக்குச் சந்தோஷம். ஆனா ஷூவையாவது மாத்தியிருப்பா."

செர்மெத்தின் முழங்கால் வலி எங்கோ போனது. கல்யாண ஜோடிகள் இப்படித்தான் ஊரைச் சுற்றுவார்கள். பள்ளிவாசல் முன்னால் ஒரு படம், பாலத்தில் ஒரு படம், எல்லாம் ஒரே நாளில். குதிகால் செருப்பு படத்துக்கு மட்டும். நடக்கக் கேன்வாஸ் ஷூ. கவுனை அவள் ஒரு நாளைக்கு மேல் உடுத்தமாட்டாள்.

"அஞ்சு படமும் ஒரே நாள்ல எடுத்தது," என்றார். "எடுத்து வெச்சுக்கிட்டு, நாளுக்கு ஒண்ணா அனுப்பியிருக்காங்க. செவ்வாய்லேருந்து நேத்து வரைக்கும் நெஜ்மி இந்த ஊரைச் சுத்தவே இல்லை."

"அப்ப காலையிலேருந்து நாம சுத்தினது?"

"வீண்."

"அஞ்சு சிமித்தும்?"

"அதுவும்தான்."

அரை நாளும் போனதில் அவருக்கு யாரையாவது உதைக்க வேண்டும்போல இருந்தது. உதைக்க ஆள் அகப்படாததால் வேகமாக நடந்தார். பெர்ரின் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்கள் கடைத்தெருவில் வரிசையாக இருந்தன. முதல் கடையில் "பச்சை ஷூவா? எங்ககிட்ட வர்ற பொண்ணுங்க அப்படியெல்லாம் வர மாட்டாங்க" என்று கோபித்துக்கொண்டார்கள். இரண்டாவது கடை பூட்டியிருந்தது. மூன்றாவதில் செர்மெத்துக்கும் ஒரு கல்யாண ஆல்பம் விற்கப் பார்த்தார்கள். "இவருக்கு முதல்ல பொண்ணு பாருங்க, அப்புறம் ஆல்பம் பார்க்கலாம்," என்று பெர்ரின் அவரை வெளியே இழுத்துவந்தாள்.

நான்காவது கடைக்காரர் பெயர் ஷெனொல். தொப்பையும் தொங்கு மீசையுமாக, கணிப்பொறித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து யாருடைய மூக்கையோ சின்னதாக்கிக்கொண்டிருந்தார். பச்சை ஷூ என்றதும் நாற்காலியோடு திரும்பினார்.

"அய்யோ, அந்தக் கல்யாணமா? போன ஞாயித்துக்கிழமை. வாழ்நாள்ல மறக்க மாட்டேன். பொண்ணு தங்கமான பொண்ணு. மாப்பிள்ளையும் சரி. ஆனா ஒரு மடப்பய என் உயிரை வாங்கிட்டான்."

"யாரு?"

"யாருன்னு தெரிஞ்சா விட்டிருப்பேனா? நான் எங்க கேமராவை வெச்சாலும் அவன் பின்னாடி வந்து நிப்பான். செலிமியேல நின்னான். 'தம்பி, கொஞ்சம் நகருப்பா'ன்னேன், நகர்ந்தான். மினார்கிட்ட போனா அங்கயும் நிக்கிறான். பாலத்துல சூரியன் இறங்குற நேரம், அந்த வெளிச்சம் அஞ்சு நிமிஷம்தான் இருக்கும், பார்த்தா நடுப்பாலத்துல அவன் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கலை. மூணு நாளா உட்கார்ந்து அவனை ஒவ்வொரு படத்துலேருந்தும் அழிச்சுக்கிட்டு இருக்கேன்."

செர்மெத் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். "அழிக்காத படம் இருக்கா?"

"மூலப்படம் எல்லாம் இருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தா காட்டணும்ல."

திரையில் படம் விரிந்தது. சிவந்த வானம், கல் பாலம், கவுனை விசிறிபோல விரித்துச் சிரிக்கும் பெண். அவள் தோளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், போனைச் சாய்த்துப் பிடித்தபடி ஒருவன் நின்றிருந்தான். ஷெனொல் அந்த இடத்தைப் பெரிதாக்கினார்.

சலவை செய்த சட்டை. சவரம் செய்யாத முகம்.

பெர்ரின் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"நம்ம கட்சிக்காரர்," என்றாள் பெர்ரின். "மூணு வருஷமா இந்த ஊர்ப் பக்கமே வந்ததில்லைன்னு நேத்து சொன்னாரே, அவரேதான்."

செர்மெத் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபம் அவருக்குத் தன்மேல்தான் வந்தது. பெரியப்பாவைக் கண்டுபிடித்துக் கூட்டிவாருங்கள் என்று தைஃபுன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவன் கேட்டது ஒரே ஒரு வரி. முன்னாள் போலீஸ்காரர் ஒருவரின் கையெழுத்தோடு, கிழவர் தன் விருப்பத்தில் ஊர் சுற்றுகிறார், சாட்சி சொல்ல அவருக்கே மனமில்லை என்று ஒரு தாள். அதைக் காட்டினால் நாளை நீதிமன்றத்தில் யாரும் நெஜ்மியைத் தேடமாட்டார்கள்.

"படங்களைக் காட்டி நம்மளை ஊர் சுத்த விட்டிருக்கான்," என்றார். "சுத்திட்டு, களைச்சுப் போய், இருக்கார்னு எழுதிக் குடுத்துடுவோம்னு நினைச்சிருக்கான்."

"கொஞ்சம் விட்டிருந்தா எழுதியிருப்பீங்கண்ணே. முழங்கால் வலியில."

செர்மெத் ஷெனொலிடம் அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அவனைப் பிடிச்சா என் பேரைச் சொல்லி ரெண்டு கேள்வி கேளுங்க," என்றார் ஷெனொல்.

பழைய பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த திறந்தவெளி டீக்கடைக்குத் தைஃபுன் சொன்ன நேரத்துக்கு வந்தான். டீ வந்தது. சர்க்கரைக் கட்டியைப் போட்டு, குடிக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"ஏதாவது தெரிஞ்சுதா சார்?"

வரும் வழியிலேயே செர்மெத் ஒரு முடிவு செய்திருந்தார். படத்தை எடுத்து நீட்டினால் அவன் ஏதாவது கதை சொல்வான். பெரியப்பாவைத் தேடித்தான் அன்றைக்கு வந்தேன் என்பான். அதனால் படத்தை எடுக்கவில்லை. முகம் மலரச் சிரித்தார்.

"நல்ல சேதி. கண்டுபிடிச்சாச்சு."

கரண்டி நின்றது. "யாரை?"

"உங்க பெரியப்பாவைத்தான், வேற யாரை? இப்பத்தான் பார்த்துட்டு வர்றோம். செலிமியே முற்றத்துல இருக்கார். நல்லா இருக்கார். இந்த வயசுலயும் என்னா வேகம்! ஊற்றைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே இருக்கார். எனக்குத்தான் கூட நடக்க முடியலை."

"நடக்கிறாரா?" என்றான் தைஃபுன். "அந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் அவன் சொன்னதே விழுந்தது.

பெர்ரின் தன் டீயை ஓசையில்லாமல் வைத்தாள். "எந்தக் கால், சார்? நேத்து எங்ககிட்ட தினம் ஆறு கிலோமீட்டர் நடப்பார்னு சொன்னீங்களே. காணாம போனவருக்குக் கால்ல அடிபட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தைஃபுன் எழுந்தான். செர்மெத் எழவில்லை. போனை மேசையில் வைத்து அவன் பக்கம் திருப்பினார். சிவந்த வானம், கல் பாலம், மணப்பெண், அவளுக்குப் பின்னால் அவன்.

"செத்தவங்க தரப்பு வழக்கறிஞர் அம்மா நம்பர் என்கிட்ட இருக்கு," என்றார். "நீங்க வாசலைத் தாண்டுறதுக்குள்ள இது அந்தம்மா கையில இருக்கும். உட்காருங்க. இல்லைன்னா, எங்களை அவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. உயிரோட இருக்காரா?"

"சார்!" அவன் மறுபடி உட்கார்ந்தான். "என்னை வளர்த்தவர் சார். நான் போய் அவரை... நான்தான் அவருக்குச் சாப்பாடு கொண்டு போறேன்."

"அப்ப இன்னைக்குச் சாயங்கால டீயை எங்களோட கொண்டு போவோம்."

தைஃபுனின் வண்டியிலேயே போனார்கள். மெரிச் பாலத்தைத் தாண்டி, பழைய ரயில் நிலையம் இருக்கும் கராஆச் பக்கம் மரங்கள் அடர்ந்த சாலை. ஒரு செர்ரித் தோட்டத்துக்கு நடுவே ஒற்றை மாடி வீடு. சரிந்த குடியிருப்பைக் கட்டிய கட்டடக்காரரின் கோடை வீடு என்று தைஃபுன் சொன்னான்.

கதவில் பூட்டு இல்லை. ஜன்னலில் கம்பி இல்லை. செர்மெத் இருட்டறையையும் கட்டிப்போட்ட கிழவரையும் எதிர்பார்த்து வந்திருந்தார். உள்ளே விசாலமான கூடத்தில், கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி, ஒரு மெலிந்த பெரியவர் செய்தித்தாளின் வெற்று ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நேர்கோடு. நிமிர்ந்து பார்த்தவர் கோபமாகக் கேட்டார்:

"நீங்கதான் போன் ரிப்பேர்காரங்களா? ஒரு வாரமாய்யா ஒரு போனைச் சரி பண்ணுவீங்க?"

"நாங்க அவங்க இல்லை, ஐயா," என்றாள் பெர்ரின். "உங்க போன் நல்லாத்தான் இருக்கு. ஊரெல்லாம் சுத்திப் படம்கூட அனுப்புது."

நெஜ்மிக்குப் புரியவில்லை. தைஃபுனைப் பார்த்தார். "யாருடா இவங்க? நல்லவங்களா இருந்தா என்னை ஒரு தடவை செலிமியே வரைக்கும் கூட்டிட்டுப் போகச் சொல்லு. எட்டு நாளாச்சு எடிர்னே வந்து. வந்த அன்னைக்கே அந்தப் படியில வழுக்கி விழுந்தது, அதோட சரி. இந்த ஜன்னலும் செர்ரி மரமும்தான் பார்த்திருக்கேன். கட்டடம் பார்க்க வந்தவன்யா நான். மினார் உச்சிகூடத் தெரியலை இங்கேருந்து."

"ஐயா, நாளைக்கு உங்களுக்குக் கோர்ட்டு இருக்கே," என்றார் செர்மெத்.

"அடுத்த மாசம். தள்ளி வெச்சுட்டாங்க. இவன்தான் விசாரிச்சுச் சொன்னான்."

நெஜ்மி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"தள்ளி வைக்கலையா?"

"இல்லை," என்றார் செர்மெத். "நாளைக்குக் காலையில பத்து மணி."

தைஃபுன் சுவரோரம் நின்றிருந்தான். மற்றவர் பொய்யை உடைக்கும்போது வழக்கமாக வரும் சின்னத் திருப்தி இப்போது செர்மெத்துக்கு வரவில்லை.

"ஏன்டா?" என்றார் நெஜ்மி. "யார் மிரட்டினாங்க உன்னை? அந்தக் கட்டடக்காரனா?"

"மிரட்டலை பெரியப்பா."

"பின்னே?"

"நீங்க போட்ட வரைபடத்தைக் காட்டுவீங்க. கீழ்த்தளத்துல தூண் இருந்துச்சுன்னு சொல்லுவீங்க. அப்புறம் மாத்தின வரைபடத்தை எடுப்பாங்க. கடைக்கு இடம் வேணும்னு தூணை எடுத்த வரைபடம். அதுல கையெழுத்துப் போட்டது யாருன்னு கேட்பாங்க."

"எவனோ ஒரு பொறியாளர். கையெழுத்து கிறுக்கலா இருக்கு, படிக்க முடியலைன்னு சொன்னாங்க."

"கிறுக்கலாத்தான் போட்டேன்," என்றான் தைஃபுன்.

வெளியே செர்ரி மரத்தில் மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பெரியவர் நீண்ட நேரம் தன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார், அல்லது அடிப்பார் என்று செர்மெத் நினைத்தார். அவர் கேட்டது வேறு.

"எந்தத் தூண்?"

"பெரியப்பா..."

"எந்தத் தூண்னு கேட்டேன்."

"தெருப்பக்கம். படிக்கட்டுக்கு இடதுபுறம்."

"ஏழாம் நம்பர்." நெஜ்மி கண்ணை மூடினார். அந்த வரைபடம் அவருக்குள் விரிவது வெளியே நின்றவர்களுக்கும் தெரிந்தது. "அது மேலதான்டா நாலு மாடிப் படிக்கட்டும் உட்காருது. உனக்கு அது தெரியாதா? நான்தானே உனக்கு முதல் முதல்ல பாரம் கணக்குப் போடச் சொல்லிக் குடுத்தேன்."

"தெரியும். தாங்கும்னு நினைச்சேன். மத்த தூணுங்க தாங்கிக்கும்னு கட்டடக்காரர் சொன்னார், நானும் அப்படியே நினைச்சுக்கிட்டேன்." தைஃபுன் தரையில் உட்கார்ந்தான். "ரெண்டு வருஷமா தினமும் அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறேன் பெரியப்பா. ஒரு தடவைகூடத் தாங்கலை."

பெர்ரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நெஜ்மி நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார். செர்மெத் ஓடிப்போய்த் தாங்கினார். கிழவர் எடையே இல்லாமல் இருந்தார், ஆனால் பிடி உறுதியாக இருந்தது.

"உங்க வண்டி இருக்கா?"

"இல்லை ஐயா. இவரோட வண்டியிலதான் வந்தோம். டாக்சி கூப்பிடறேன். ராத்திரிக்குள்ள இஸ்தான்புல் போயிடலாம்."

"டாக்சி வேணாம்." கிழவர் தைஃபுனைப் பார்த்தார். "எந்திரி. நீதான் ஓட்டணும்."

"ஐயா, இது சரியா வராது," என்றார் செர்மெத். "எட்டு நாள் உங்களை ஏமாத்தி வெச்சிருந்த ஆளு."

"நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க. ஆனா ஓட்டறது அவன்தான்." பிறகு, தரையில் இருந்தவனிடம், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நாளைக்கு என்னை முதல்ல கூப்பிடுவாங்க. நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி நீ எந்திரிக்கணும். அந்தக் கையெழுத்து யாருதுன்னு என் வாயால வரக்கூடாது. அதை மட்டும் எனக்குச் செய்யி. நான் வேற எதுவும் உன்கிட்டக் கேட்டதில்லை."

தைஃபுன் எழுந்து, பெரியப்பாவின் ஒற்றைச் செருப்பைத் தேடி எடுத்து, குனிந்து அவர் நல்ல காலில் மாட்டினான்.

நெஜ்மி முன்னால், தைஃபுன் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பழைய தோல் பை, அதில் சுருட்டிய வரைபடம். செர்மெத்தும் பெர்ரினும் பின்னால். வண்டி தோட்டத்தை விட்டு மண் பாதையில் குலுங்கி, தார்ச்சாலைக்கு வந்து நின்றது.

சாலை இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஒரு வழிகாட்டிப் பலகை. ஒரு அம்பு, ஊருக்குள் போய் இஸ்தான்புல் நெடுஞ்சாலைக்கு. இன்னொரு அம்பு, இரண்டே கிலோமீட்டரில் கிரீஸ் எல்லை வாசலுக்கு.

வண்டி நின்றபடியே இருந்தது. எதிரே ஒரு டிராக்டர் தாண்டிப் போனது. அதன் பிறகு சாலை காலியாக இருந்தும் வண்டி நகரவில்லை. தைஃபுனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. செர்மெத் மெதுவாகக் கதவின் பிடியில் கை வைத்தார். பெர்ரின் அவர் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நெஜ்மி தம்பி மகனைப் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

தைஃபுன் சைகை விளக்கைப் போட்டான். அது டிக் டிக் என்று அடித்தது. இஸ்தான்புல் பக்கமாக வண்டி திரும்பியது.